நின்ற வியாபாரம் மீண்டும் நடந்த கதை: சிவகாசி காமிக்ஸ் நமக்குக் கற்றுத் தரும் கணக்கு



மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் நம் இதழில் சித்திரக் கதைப் புத்தகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் நமக்குத் தெரிந்த பல கடைகள் கதவைச் சாத்தி விட்டன. சிலர் வயதாகி விட்டது என்று நிறுத்தினார்கள். சிலர் வெளியே நின்று போன பாக்கியால் நிறுத்தினார்கள். இப்போது அவர்களில் சிலருடைய பிள்ளைகள், "அப்பா நிறுத்தியதை நாங்கள் மறுபடி எடுத்து நடத்தினால் நடக்குமா?" என்று கேட்கிறார்கள். சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

நின்ற வியாபாரத்தை மீண்டும் நடத்திக் காட்டியவர்கள் யார் என்று தேடினால், நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்ற இரண்டு வெளியீடுகள்தான் அது. சரக்கு வேறாக இருந்தாலும் கணக்கு நம்முடைய கணக்குத்தான். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

சிவகாசியும் அச்சுத் தொழிலும்

சிவகாசியை அறியாத மளிகைக் கடைக்காரர் கிடையாது. தீப்பெட்டி அங்கிருந்து வருகிறது. தீபாவளிப் பட்டாசு அங்கிருந்து வருகிறது. தை பிறந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டரும் அங்கிருந்துதான் வருகிறது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அதனால் அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் பெருகியதும் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் வந்தன. ஒரு தொழில் இன்னொரு தொழிலைப் பெற்றெடுத்த ஊர் அது.

அந்த ஊரில் 1972-ல் திரு. சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962-ல் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடரைத் தமிழில் கொண்டு வந்தார்கள். ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக் கொண்டவன், மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து விடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். இவ்வளவுதான் கதை. ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் வயதுப் பையன்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மலரும். அந்த இதழின் ஆசிரியராக இருந்து தமிழ் நடையை அமைத்தவர் முல்லை தங்கராசன்.

அடுத்து 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியன் அவர்களின் மகன் எஸ். விஜயன், தம் பதினேழாவது வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி என்ற சாகசப் பெண்ணின் கதை. அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. ஊர் ஊராக ஏஜெண்டு வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒரு பக்கம், பதினேழு வயதுப் பையன் ஒரு பக்கம். பெரிய கடை எதிரே வந்தால் சின்னக் கடைக்கு என்ன நிலைமை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் லயன் தாக்குப் பிடித்தது. ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர் என்று தனக்கென்று சரக்கு வைத்துக் கொண்டது. திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளைகளும் விட்டது.

எப்படி விற்றார்கள், எங்கே அடைபட்டது

புத்தக வியாபாரத்தின் வழக்கத்தைத் தெரிந்து கொண்டால்தான் மீதிக் கதை புரியும். அச்சிட்ட புத்தகம் ஊர் ஊராக உள்ள ஏஜெண்டுகளுக்குப் போகும். ஏஜெண்டு பஸ் நிலையக் கடைக்கும் பெட்டிக் கடைக்கும் கொடுப்பார். பெட்டிக் கடையில் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்க விடுவார்கள். தர்மபுரி பஸ் நிலையத்திலும் அப்படித்தான் தொங்கிக் கொண்டிருந்தன. விற்றதற்கு மட்டும் கமிஷன் போகப் பணம், விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்பது இத்தொழிலில் பரவலான வழக்கம்.

இதில் மூன்று இடத்தில் முதல் அடைபடும். ஒன்று, காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் பணம் முதலிலேயே போய் விடும், வரவு பல மாதம் கழித்துத்தான். இரண்டு, திரும்பி வரும் புத்தகம் கசங்கி அழுக்காகி வரும், மறுபடி விற்க முடியாது. மூன்று, சில இடத்தில் பாக்கி வரவே வராது. நாம் அரிசியும் பருப்பும் கடனுக்கு அனுப்பி விட்டுப் பேரேட்டைப் பார்த்துக் கொண்டிருப்பதும் இதுவும் வேறல்ல. விற்பனை நன்றாக இருக்கும் காலத்தில் இந்த ஓட்டைகள் தெரியாது. வரத்துக் குறையும் போதுதான் தெரியும்.

வரத்துக் குறைந்தது. 1990-களில் கேபிள் டி.வி. வந்தது. 1993-ல் சன் டி.வி. தொடங்கியது. பிறகு நாள் முழுதும் கார்ட்டூன் காட்டும் சேனல்களும் வந்தன. பள்ளி விட்டு வந்த பையன் பெட்டிக் கடைப் பக்கம் போகவில்லை, டி.வி. முன் உட்கார்ந்தான். ஆங்கிலப் பள்ளிகள் பெருகத் தமிழ் படித்து ரசிக்கும் பிள்ளைகளும் குறைந்தார்கள். பல மொழிகளில் வந்து கொண்டிருந்த இந்திரஜால் காமிக்ஸ் 1990-ல் நின்றது. பெரிய நிறுவனத்தின் ராணி காமிக்ஸே 2005-ல் நின்றது. நம் பிள்ளைகளுக்குப் பாட்டி போலக் கதை சொன்ன அம்புலிமாமாவும் பிற்பாடு நின்றது. முத்துவும் லயனும் முறை தவறி வரத் தொடங்கின. 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதழ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் மாதக் கணக்கில் ஒன்றும் வராது. கடை பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று வாடிக்கையாளருக்கே தெரியாத நிலை. வியாபாரத்தில் இதைவிட மோசமான நிலை கிடையாது.

ஒரு தடயம்

அந்த இருண்ட காலத்திலேயே ஒரு வெளிச்சம் தெரிந்தது. 'இரத்தப் படலம்' என்ற நீண்ட தொடர்க் கதை. நினைவிழந்த ஒருவன், தான் யார் என்று தேடிப் போகும் கதை. பெல்ஜியத்தில் 1984 முதல் பாகம் பாகமாக வெளியானது. அதன் 18 பாகங்களையும் ஒரே கட்டாக, 800 பக்கத்துக்கு மேல், கறுப்பு வெள்ளையில் 2010-ல் வெளியிட்டார்கள். விலை 200 ரூபாய். அப்போது வழக்கமான இதழ் பத்து ரூபாய் அளவில் விற்றுக் கொண்டிருந்தது. வாசகர்கள் முன்பணம் கட்டி, வெகு நாள் காத்திருந்து வாங்கினார்கள்.

இங்கேதான் ஒரு வியாபாரி நின்று யோசிக்க வேண்டும். பத்து ரூபாய்ப் புத்தகம் கடையில் தேங்குகிறது. இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு முன்பணம் வருகிறது. அப்படியானால் வாடிக்கையாளர் போய் விடவில்லை. அவர் இருந்த இடம்தான் மாறி விட்டது. 1980-களில் பத்து வயதில் படித்த பையன் இப்போது சம்பாதிக்கிற ஆள். அவர் பெட்டிக் கடைக்கு வர மாட்டார். கசங்கிய சாணித்தாள் புத்தகம் அவருக்கு வேண்டாம். நல்ல புத்தகம் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் நல்ல விலை கொடுப்பார். பழைய கடைக்கு அருகே புதிதாகக் கட்டிய வீடுகளில் நம் பழைய வாடிக்கையாளரின் பிள்ளைகளே குடியிருப்பது போல இது.

2012-ல் என்ன செய்தார்கள்

2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் சமயத்தில், 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழ் வந்தது. விலை 100 ரூபாய். அதிலிருந்து வியாபாரத்தின் முறையே மாறியது. நான் பார்த்த வரையில் மாறியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பழைய விலையில் பழைய சரக்கைத் தொடரவில்லை. வண்ணத்தில், பெரிய அளவில், நல்ல தாளில் கொண்டு வந்தார்கள். மலிவு விலையில் தேங்குவதை விட உரிய விலையில் கொஞ்சம் விற்பது மேல் என்று துணிந்தார்கள்.

2. ஆண்டுச் சந்தாவை முதுகெலும்பாக வைத்தார்கள். வருகிற ஆண்டில் என்னென்ன கதை என்று முன்கூட்டியே அட்டவணை கொடுத்து, சந்தா வாங்கி, மாதா மாதம் பார்சலில் அனுப்பினார்கள். பணம் முதலில், சரக்கு பிறகு.

3. விலை கூடிய பெரிய தொகுப்புகளுக்கு முன்பதிவு வைத்தார்கள். 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸின் 40-ம் ஆண்டை ஒட்டி வந்த சிறப்பிதழின் விலை 400 ரூபாய். 2018 ஆகஸ்டில் 'இரத்தப் படலம்' முழு வண்ணத்தில் மூன்று தொகுதிகளாக ஈரோடு புத்தகத் திருவிழாச் சமயத்தில் வந்தது. அதே கதை எட்டு ஆண்டில் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு வந்து மறுபடி விற்றது.

4. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசினார்கள். லயனில் ஆசிரியர் எழுதும் 'ஹாட்லைன்' பக்கம் பழைய நாளிலிருந்தே உண்டு. பிற்பாடு இணையத்திலும் ஆசிரியரே வாரந்தோறும் எழுதி, வாசகர் திட்டினாலும் பாராட்டினாலும் பதில் சொன்னார். ஏஜெண்டு நடுவில் இருந்தவரை வாசகர் யார் என்றே தெரியாது. இப்போது ஆளுக்கு ஆள் தெரியும்.

5. பழைய சரக்கை மதித்தார்கள், புதிய சரக்கையும் தேடினார்கள். மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்பாக வந்தனர். லக்கி லூக், லார்கோ வின்ச், ப்ளூபெர்ரி போன்ற ஐரோப்பியக் கதைகள் வண்ணத்தில் வந்தன. இத்தாலியில் 1948-ல் தொடங்கிய டெக்ஸ் வில்லர் இங்கும் தொடர்ந்து விலை போகும் சரக்காக நிற்கிறது.

இந்த முறையில்தான் 2022-ல் முத்து காமிக்ஸ் 50-ம் ஆண்டையும், 2024-ல் லயன் 40-ம் ஆண்டையும் கண்டன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது அவர்களுடைய கணக்கு அல்ல. நமக்குப் புரிவதற்காக நான் போடும் கற்பனைக் கணக்கு.

பழைய முறை: ஒரு புத்தகம் அடக்கம் 60 ரூபாய், விலை 100 ரூபாய். 1,000 புத்தகம் அச்சிட 60,000 ரூபாய் போகிறது. கடைக்குக் கமிஷன் 30 போக நமக்கு 70. விற்றது 700, திரும்பியது 300. வர வேண்டியது 49,000. அதில் நூறு புத்தகத்தின் பணம் 7,000 வராப் பாக்கி. கைக்கு வந்தது 42,000. ஆக 18,000 ரூபாய் நட்டம், குடோனில் 300 கசங்கல் புத்தகம்.

புதிய முறை: 600 பேர் முன்பணம் கட்டுகிறார்கள். கையிருப்புக்கு 100 சேர்த்து 700 அச்சிடுகிறோம். எண்ணிக்கை குறைந்ததால் அடக்கம் 70 ரூபாய் ஆகிறது. செலவு 49,000. வரவு 60,000, அனுப்பும் செலவு வாங்குபவருடையது. மிச்சம் 11,000, கையில் புத்தம் புதிய 100 புத்தகம். அது புத்தகக் காட்சியில் விற்கும்.

எண்ணிக்கை குறைந்தால் அடக்கம் ஏன் கூடுகிறது? அயல்நாட்டுக் கதைக்கு உரிமைத் தொகை கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கூலி உண்டு. வண்ண அச்சுக்குத் தகடு போடும் செலவு உண்டு. நூறு அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் இவற்றில் பெரும்பகுதி ஒன்றுதான். லாரி முழுச் சரக்கு ஏற்றினாலும் பாதி ஏற்றினாலும் வாடகை ஒன்றாக இருப்பது போல. ஆக, புதிய முறையில் ஒரு புத்தகத்தின் அடக்கம் கூடத்தான் செய்யும். ஆனால் முதலுக்கு மோசம் இல்லை.

வரி விஷயமும் கவனிக்கத் தக்கது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் அச்சிட வாங்கும் தாளுக்கு வரி உண்டு. விற்பனைக்கு வரி இல்லாததால் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக் கொள்ள முடியாது, அது அடக்கத்தில் ஏறி விடுகிறது. வரி இல்லாத சரக்கு விற்பவருக்கு வரியே இல்லை என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். அதோடு, புத்தகங்களுக்கென்று தபால் துறை குறைந்த கட்டணத்தில் நடத்தி வந்த பதிவுப் புத்தகத் தபால் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அனுப்பும் செலவு கூடுவது இப்படிப்பட்ட வியாபாரத்துக்கு நேரடியான அடி.

இதிலும் குறை இல்லாமல் இல்லை

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமில்லை. சந்தா முறையில் விற்றால், சந்தா கட்டுபவர் தவிர வேறு யார் கண்ணிலும் சரக்கு படாது. கயிற்றில் தொங்கிய காலத்தில் புதுப் பையன் ஒருவன் தினமும் சேர்ந்து கொண்டிருந்தான். இப்போது தர்மபுரி பஸ் நிலையத்தில் ஒரு சிறுவன் தற்செயலாகப் பார்த்து வாங்க வழியில்லை. வாங்குபவர் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பின் யார் என்பது பெரிய கேள்வி. விலை கூடியதால் ஏழைப் பிள்ளைக்கு எட்டாது என்பதும் உண்மை. புத்தகத் திருவிழாக்கள்தான் இதற்குக் கொஞ்சம் மருந்து. ஈரோட்டில் 2005 முதல் நடக்கிறது, இப்போது நம் தர்மபுரியிலும் நடக்கிறது. அங்கேதான் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து வந்து நின்று புரட்டுகிறார்கள்.

நமக்கு என்ன?

உப்புக்கும் பருப்புக்கும் யாரும் ஆண்டுச் சந்தா கட்ட மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மைதான். வெளியீட்டாளர் வைத்திருக்கும் கதை வேறு எவரிடமும் கிடைக்காது. நாம் விற்கும் துவரம்பருப்பு எதிர்க் கடையிலும் கிடைக்கும், போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது. அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் நாலு விஷயம் நமக்கும் பொருந்தும்.

முதலாவது, மூடிய கடையைத் திறக்க நினைப்பவர் பழைய பேரேட்டை எடுத்துப் படிக்க வேண்டும். யார் பாக்கி வைத்தார் என்று மட்டும் பார்க்காமல், யார் ஒழுங்காக வாங்கினார், என்ன வாங்கினார் என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் உண்மையான முதல். அந்த வீடுகளில் இன்று யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்க் கடையில் கிடைக்காத சரக்கு நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் இருக்கிறது. புளி இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, சாமை இருக்கிறது. புளி சீசனில் கொட்டை எடுத்த புதுப் புளியை ஒரு வருடத் தேவைக்கு மொத்தமாக வாங்கி வைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களிடம் தை மாதமே கேட்டு, எடையை எழுதி, கொஞ்சம் முன்பணம் வாங்கினால் நம் கொள்முதலுக்கு அளவு தெரிந்து விடும். தீபாவளிச் சீட்டு நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல.

மூன்றாவது, கடனுக்கு வரம்பு. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் மண்டி நடத்தியதில் நான் பார்த்தது, விற்பனை குறைவால் விழுந்த கடை கொஞ்சம், விற்ற பணம் வராமல் விழுந்த கடைதான் அதிகம். மறுபடி திறக்கிறவர் முதல் நாளே ரொக்கம் என்று சொல்லித் திறக்க வேண்டும். பழைய பழக்கத்தில் ஒருவருக்குக் கொடுத்து விட்டு மறுநாள் அடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

நான்காவது, முறை தவறாமை. வெளியீடு தட்டுத் தடுமாறிய காலத்தில் வாசகர் விலகினார். மாதா மாதம் தேதி தவறாமல் வந்த போது பணத்தை முன்னால் கட்டினார். காலை ஆறு மணிக்குத் திறக்கும் கடை என்று பெயர் வாங்கினால் ஆறு மணிக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் எட்டு மணி, ஒரு நாள் விடுமுறை என்றால் எந்தப் பழைய உறவும் நிற்காது.

பிள்ளைகள் வந்து கேட்கும் போது, "நம்மால் முடியாதது உன்னால் முடியுமா" என்று சொல்லி அனுப்பி விடாதீர்கள். சௌந்தரபாண்டியன் அவர்கள் பதினேழு வயது மகனிடம் தொழிலை நம்பி விட்டார். அந்தப் பையன்தான் வீழ்ந்ததை ஐம்பதாம் ஆண்டு வரை கொண்டு வந்தார். சாவியைக் கொடுங்கள், கூடவே பேரேட்டையும் கொடுங்கள். முதலை அளந்து போடச் சொல்லுங்கள். முதல் வருடம் லாபம் இல்லாவிட்டாலும் நட்டம் இல்லாமல் இருந்தால் அதுவே வெற்றி என்று சொல்லிக் கொடுங்கள்.

கடையைத் திறக்கும் எண்ணத்தோடு இருக்கும் உறுப்பினர்களின் பிள்ளைகள் யாராக இருந்தாலும், பழைய கணக்கு நோட்டோடு மாலை வேளையில் மண்டிக்கு வரலாம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க நான் தயாராக இருக்கிறேன்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!